மதுரை வெயிலில் பவளத் தொட்டி

சித்திரை மாத மாடி வீட்டில் ரீஃப் தொட்டித் (உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பவளத்துக்கு 25, 26 போதும். சூடு நீடித்தால் உடலுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள். நம்மூர்க் கோடைக்காற்று வறண்டது, 2, 3 டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் மளமளவென்று வற்றும். உப்பு எங்கேயும் போகாது! அதனால் கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டு, மட்டம் இறங்க இறங்க உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தொட்டித் தண்ணீரின் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பின் அளவைக் காட்டும்) 1.025ல் நிற்க வேண்டும். அப்புறம், ராமேஸ்வரம் கரையில் கிடக்கிறதே என்று கல் பவளத்தை எடுத்து வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.