போனில் ஆர்டர் எடுக்கப் போகிறீர்களா? கடுப்பேற்றும் அழைப்புகளைச் சமாளிக்கும் முறை

பர்கர் கடையில் சேர்ந்த முதல் வாரம் கொதிக்கிற எண்ணெயைப் பார்த்து நான் பயப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த போனைப் பார்த்துத்தான் பயந்தேன். மணி அடித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். புதிதாக வந்தவன் தலையில்தான் அது விடியும்.

கவுன்டருக்கு நேரில் வருகிறவர் வரிசையைப் பார்க்கிறார். உள்ளே நாலு பேர் வியர்த்துக்கொட்ட ஓடுவதையும் பார்க்கிறார். முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொள்வார். போனில் கூப்பிடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் 10 விநாடி எழுதிக்கொண்டிருந்தால், அவர் காதில் விழுவது 10 விநாடி மௌனம் மட்டும்தான். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார். நான் வாங்கிய திட்டில் பாதிக்கு மேல் இப்படி வந்ததுதான். அதனால் கீழே சொல்லப்போகிற எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலைதான்: அவர் கண்ணுக்குத் தெரியாததை வாயால் சொல்வது.

படி 1: மணி அடிக்கும் முன்பே தயாராகுங்கள்

ஷிப்ட் தொடங்கியதும் சமையல் பக்கம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்று எது தீர்ந்துவிட்டது? இப்போது ஆர்டர் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டையும் ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கூட்ட நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள். முழு ஆர்டரையும் எழுதி முடித்த பிறகு "அது இல்லீங்களே" என்று சொல்வதைப் போலக் கோபமூட்டும் விஷயம் வேறில்லை. பேனா இரண்டு வேண்டும். ஒன்றை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்புறம், எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். எண்ணெய்ச் சட்டிக்கும் புகைபோக்கி விசிறிக்கும் பக்கத்தில் நின்று பேசாதீர்கள். சத்தத்துக்கு நடுவே பேசினால் நம்மை அறியாமலே குரல் உயரும். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரில்தான் லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். உங்களைப் பொறுத்தவரை நீங்கள் சாதாரணமாகத்தான் பேசுகிறீர்கள். மறுமுனையில் இருப்பவருக்கோ, எடுத்த எடுப்பிலேயே கடைக்காரன் எரிந்து விழுகிறான்.

படி 2: முதல் அரை நிமிடம்

கடைப் பெயர், உங்கள் பெயர், பிறகு ஒரே கேள்வி: "டெலிவரியா, நேரில் வந்து வாங்கிக்கிறீங்களா?" அடுத்ததாக போன் நம்பர். சாப்பாடு என்ன என்று கேட்பதற்கு முன்பே நம்பரை வாங்குங்கள். லைன் கட்டானால் நீங்களே திரும்பக் கூப்பிடலாம். பெரிய ஆர்டரில் சந்தேகம் வந்தால் அதே நம்பருக்கு அடித்து உறுதி செய்துகொள்ளலாம். விளையாட்டுக்கு 20 பர்கர் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம்பர் கேட்டதும் வைத்துவிடுவார்கள்.

குரலை வைத்து சார், மேடம் என்று ஊகிக்காதீர்கள். நான் ஒரு அம்மாவை மூன்று தடவை சார் என்றேன். "நீங்க" என்ற ஒரு சொல்லே போதும்.

காத்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தால், "ஒரு நிமிஷம் லைன்ல இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு டொக்கென்று வைத்தீர்களானால், திரும்பி எடுக்கும்போது சண்டையோடுதான் எடுக்க வேண்டியிருக்கும்.

படி 3: எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்

எத்தனை, என்ன அளவு, எது வேண்டாம். இந்த வரிசையில் எழுதுங்கள். என் தாளில் "2 சிக்கன் பர்கர், பெரிசு, 1இல் வெங். வேண்டாம்" என்று இருக்கும். எழுதுகிறபோதே அதைச் சொல்லிக்கொண்டே எழுதினால் மௌனமும் இருக்காது, தப்பும் அங்கேயே பிடிபடும்.

எண்களில் கவனம். அறுபதும் எழுபதும் போனில் ஒன்று போலவே கேட்கும். எண்பதும் எண்ணூறும் அப்படித்தான். கதவு எண்ணை "ஆறு, பூஜ்யம்" என்று ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். வீட்டு எண்ணில் ஆங்கில எழுத்து வந்தால் இன்னும் வம்பு. தமிழில் எழுதினால் இரண்டு "பி"யும் ஒன்று, இரண்டு "டி"யும் ஒன்று. போன் காதிலும் கிட்டத்தட்ட அதே நிலைமை. "பஸ்ஸுக்கு வர்ற பியா, பேப்பருக்கு வர்ற பியா?" என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இது உங்கள் காதின் கோளாறு இல்லை. மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். "ஸ்" ஒலியின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், "எஃப்" என்று சொன்னாரா "எஸ்" என்று சொன்னாரா என்று போனில் பிரித்தறிவது கஷ்டம். வாடிக்கையாளர் "எத்தனை தடவ சொல்றது?" என்று சீறினால், "லைன் தெளிவா இல்லைங்க, தப்பா அனுப்பிடக் கூடாதுன்னுதான் கேக்கறேன்" என்று சொல்லுங்கள்.

படி 4: ஆளைப் பார்த்து அணுகுமுறை

முடிவு செய்யாமலே கூப்பிடுகிறவர். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஏய், உனக்கு என்ன வேணும்?" என்று வீட்டுக்குள் கத்துவார். பின்னால் ஒரு குழந்தை அழும், டிவி ஓடும். இவரிடம் "சீக்கிரம் சொல்லுங்க" என்று சொல்லிப் பயனில்லை. கடிவாளத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: "எத்தனை பேருங்க? நாலு பேரா? சரி, முதல் ஆளுக்குச் சொல்லுங்க." அதுவும் நடக்கவில்லையென்றால், "பேசி வைங்க, அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, சொன்னபடி கூப்பிடுங்கள். கூப்பிடாமல் விட்டால் அடுத்த முறை அவரும் கோபக்காரர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

கோபத்தோடு கூப்பிடுகிறவர். இவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மாலை ஒருவர் கூப்பிட்டார். "ஃப்ரைஸ் எங்கே? காசை வாங்கிட்டு அரைப் பையை அனுப்புவீங்களா?" நான் சொன்ன பதில்: "எல்லாம் போட்டுத்தான் அனுப்பினோம், பையில நல்லா பாருங்க." என் மனதில் அது சாதாரண பதில். அவர் காதில் அது "நீ பொய் சொல்கிறாய்" என்று விழுந்தது. அடுத்த 11 நிமிடம் ஃப்ரைஸைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மரியாதையைப் பற்றித்தான் பேச்சு.

இப்போதானால் இப்படிச் செய்வேன். முதலில் அவரைப் பேசி முடிக்க விடுவேன், ஆனால் முழு மௌனமாக இல்லை. "ம்", "சரிங்க" என்று நடுநடுவே குரல் கொடுப்பேன்; இல்லாவிட்டால் "லைன்ல இருக்கியா?" என்று இன்னொரு சண்டை. பிறகு, "ஃப்ரைஸ் வரலையா, சாப்பிட உக்கார்ந்த நேரத்துல இப்படி ஆயிடுச்சே, மன்னிச்சுக்கோங்க. பில் நம்பர் சொல்லுங்க, இப்பவே பாக்கறேன்." இதில் கவனியுங்கள்: அவர் சொன்ன பொருளின் பெயரைத் திருப்பிச் சொல்கிறேன். வெறும் "சாரி" என்பதைவிட அதற்கு அதிக மதிப்பு. காது கொடுத்துக் கேட்டான் என்பதற்கு அது அத்தாட்சி. கடைசியில் இரண்டு வழி கொடுங்கள்: மறுபடி அனுப்பலாம், இல்லை பணத்தைத் திருப்பலாம். இதில் எதெல்லாம் நீங்களே கொடுக்கலாம், எதற்கு மேனேஜரைக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். கையில் இல்லாததை வாக்குக் கொடுத்தால் அடுத்த அழைப்பு இதைவிட மோசமாக இருக்கும்.

"எங்க வருது?" என்று மூன்றாம் முறை கேட்கிறவர். அடுப்பிலேயே ஏறாத ஆர்டரை "கிளம்பிடுச்சு" என்று சொல்லாதீர்கள். சமையல் பக்கம் 35 நிமிடம் என்றால், ஆரம்பத்திலேயே 45 என்று சொல்லுங்கள். முன்னால் போய்ச் சேர்ந்ததற்காக யாரும் போன் போட்டுத் திட்டியதில்லை.

ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்கிறவர். கடுப்பேற்றுகிறவர் பட்டியலில் இவரைச் சேர்ப்பவர்கள் உண்டு, அது தப்பு. எத்தனை கேள்வி கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். "அதெல்லாம் இருக்காதுங்க" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். பொருளிலேயே இல்லாவிட்டாலும் ஒரே எண்ணெயில் வறுத்தது, ஒரே கத்தியில் வெட்டியது என்று எப்படியும் சேர்ந்துவிடலாம். உள்ளே கேட்டுச் சொல்லுங்கள். உள்ளேயும் உறுதியாகத் தெரியவில்லையென்றால் அதையே சொல்லுங்கள்.

அசிங்கமாகப் பேசுகிறவர். கோபம் வேறு, வசவு வேறு. "இப்படிப் பேசினா என்னால தொடர முடியாதுங்க" என்று ஒரு முறை, குரல் உயர்த்தாமல். தொடர்ந்தால், "போனை வைக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடலாம், இல்லை மேனேஜரிடம் கொடுக்கலாம். எது உங்கள் கடையின் வழக்கம் என்று முன்பே கேட்டுவையுங்கள். நேரத்தையும் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: முடிக்கும் விதம்

ஆர்டர் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். மொத்தத் தொகை, முகவரி, நேரம் சொல்லுங்கள். போனில் கார்டு எண் வாங்கும் கடை என்றால் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லாதீர்கள். கவுன்டரில் நிற்பவருக்குக் காது இருக்கிறது. பின்பக்க 3 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வைக்கவே கூடாது, அட்டை நிறுவனங்களின் விதி அதைத் தடுக்கிறது. அவர் போனை வைத்த பிறகு நீங்கள் வையுங்கள். வைத்துவிட்டோம் என்று நினைத்து "சரியான இம்சை" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

மோசமான அழைப்பு ஒன்று முடிந்த உடனே மணி மறுபடி அடித்தால், பக்கத்தில் இருப்பவரிடம் "இதை நீங்க எடுங்க, நான் பேக்கிங் பாக்கறேன்" என்று கேளுங்கள். இரண்டு ஆர்டர் பேக் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள். அடுத்து கூப்பிடுகிறவர் யாரோ. முன்னவர் மேல் வந்த கோபத்தை அவர் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம்.