பழைய வீடியோ கேம் கேசட்டை உருமாற்றுவது: எஸ்.எஸ்.டி உறை, கடிகாரம், மெமரி கார்டு டப்பா

வெட்டுவதற்கு முன், கேசட் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். ஓடவில்லை என்று ஓரங்கட்டிய கேசட்களில் பலவற்றுக்கு வியாதி ஒன்றுதான்: முனையில் உள்ள பொன்னிறப் பட்டைகளில் படிந்த அழுக்கு. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தோய்த்து, பட்டைகளை நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்தபின் போட்டுப் பார்த்தால் பல கேசட்கள் உயிர் பெற்றுவிடும். அப்படி ஓடினால் அது கைவேலைக்கான சரக்கு அல்ல. வருடா வருடம் வெளியாகி எங்கும் மலிந்து கிடக்கும் விளையாட்டுப் போட்டி கேம்கள், கூடு கீறிப்போனவை, உள்ளே உள்ள சர்க்யூட் போர்டு அரித்துப்போனவை, இவைதான் நமக்கு ஏற்றவை. திறந்து பார்க்கும்போது சிப்பின் நடுவில் வட்டக் கண்ணாடி ஜன்னலோ, அதை மூடிய ஸ்டிக்கரோ தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது வெளியீட்டுக்கு முந்தைய மாதிரியாக இருக்கக்கூடும். ஸ்டிக்கரை உரிக்கவும் வேண்டாம். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

திறப்பது

நின்டெண்டோவின் என்.இ.எஸ், சூப்பர் என்.இ.எஸ், என்64, கேம் பாய் கேசட்களுக்கு 3.8 மி.மீ கேம்பிட் (இவற்றின் தனி வகைத் திருகுத் தலைக்கான) திருப்புளி ஒன்று போதும். 4.5 மி.மீ அளவு கன்சோலைத் திறப்பதற்கு, கேசட்டுக்கு ஆகாது. தொடக்க கால என்.இ.எஸ் கேசட்களில் சாதாரணத் தட்டைத் திருகுகள் ஐந்து இருக்கும். பின்னால் வந்தவற்றில் மூன்று கேம்பிட் திருகுகளும் மேல் விளிம்பில் இரண்டு கொக்கிகளும் உண்டு. மூன்று திருகு வகையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்ல விரித்து, மேலே தள்ளிக் கழற்ற வேண்டும். மேலிருந்து நெம்பினால் கொக்கி முறியும். ஃபேமிகாம் (என்.இ.எஸ்-இன் ஜப்பானிய வடிவம்) வகைக் கேசட்களில் பெரும்பாலும் திருகே இருக்காது, கொக்கிகள்தான். பழைய ஏ.டி.எம் கார்டை இடுக்கில் நுழைத்து ஓரமாக நகர்த்துங்கள். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் விளிம்பு நசுங்கிவிடும், அந்தத் தழும்பு மறையாது.

பால்பாயின்ட் பேனா முனையை நெருப்பில் இளக்கித் திருகுக்குள் அழுத்தும் வித்தை பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது திருகிலேயே முனை வழுக்கும், குழிக்குள் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். உண்மையான கருவியை வாங்குவதே மலிவு.

ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியுள்ள கேசட்டில் பெரும்பாலும் 3 வோல்ட் காசு பேட்டரி பற்றவைத்திருக்கும். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சால்டரிங் அயர்னை போர்டில் இறங்கும் தகட்டுக் காலில் வையுங்கள், பேட்டரியின் உடலில் ஒருபோதும் வைக்காதீர்கள், சூடேறினால் வெடிக்கும். எடுத்ததும் இரு முனைகளையும் டேப்பால் மூடி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தக் காலப் பற்றாசில் ஈயம் உண்டு. ஆகவே போர்டைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், லேபிளை மட்டும் நனைக்காதீர்கள். லேபிள் வேண்டாம் என்றால் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி ஒரு மூலையிலிருந்து உரித்து, மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். கூடு ஏ.பி.எஸ் பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் கரைந்து பிசுபிசுக்கும்.

எஸ்.எஸ்.டி உறை

என்.இ.எஸ் கேசட்டின் வெளியளவு ஏறத்தாழ 13.3 × 12 × 2 செ.மீ. கணினித் தகவலைச் சேமிக்கும், சுழலும் பாகம் இல்லாத 2.5 அங்குல எஸ்.எஸ்.டி-யின் அளவு 100 × 70 × 7 மி.மீ. அகலத்திலும் தடிமனிலும் தாராளம், நீளத்தில்தான் இடிக்கும். எஸ்.எஸ்.டி-யைக் கணினியின் யு.எஸ்.பி முனையோடு இணைக்க அதன் நுனியில் செருகும் சாட்டா–யு.எஸ்.பி அடாப்டர் 20, 25 மி.மீ இடத்தை விழுங்கிவிடும். ஆகவே அடாப்டர் வாங்கும் முன் அளவைப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து உள் போர்டை மட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்தால் சில மி.மீ மிச்சமாகும். ஃபேமிகாம் கூடு இதற்குச் சிறியது.

சுழலும் ஹார்டு டிஸ்க்கை இதற்குள் வைக்க வேண்டாம். காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் பெட்டியில் சூடு தங்கும், அதிர்வும் தாங்காது. மின்சாரக் கணக்கும் எஸ்.எஸ்.டி பக்கமே சாய்கிறது: யு.எஸ்.பி 2.0 முனை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 முனை 900 தரும்; சுழலத் தொடங்கும் டிஸ்க்குக்கு அது போதாமல் போகலாம்.

வேலை இப்படிப் போகும். போர்டை எடுத்தபின் இரு பாதிகளையும் திறந்து வைத்து, எஸ்.எஸ்.டி-யை உள்ளே வெறுமனே வைத்துப் பாருங்கள், அதன் செருகுமுனை கேசட்டின் கீழ்த் திறப்பைப் பார்த்தபடி. போர்டின் பொன்னிறப் பட்டைகள் தெரிந்த அந்தத் திறப்பு வழியாகவே கேபிள் வெளியே வரும், புதிதாக ஓட்டை போடத் தேவையில்லை. எந்தெந்தத் தூண்கள் தடுக்கின்றன என்று மார்க்கரால் குறியுங்கள். திருகு ஏறும் தூண்கள் வேறு, போர்டைத் தாங்கும் சின்னக் கால்கள் வேறு. கால்களைத் தயங்காமல் கட்டிங் பிளேயரால் நறுக்கலாம். திருகுத் தூண்களில் குறுக்கே வருவதை மட்டும் வெட்டுங்கள். இரண்டு திருகும் மேல் கொக்கிகளும் எஞ்சினாலே கூடு கெட்டியாக மூடும். தூணை ஒரே மூச்சில் அடியோடு கடித்தால் வெளிப்பக்கத்தில் வெள்ளைத் தழும்பு விழும். முதலில் பாதி உயரத்தில் நறுக்கி, பிறகு அரத்தால் அடிவரை தேயுங்கள்.

எஸ்.எஸ்.டி-யின் அடியில் 1 மி.மீ இரட்டைப்பக்க ஃபோம் டேப் இரண்டு பட்டை ஒட்டுங்கள். ஹாட் குளூ உலோகப் பரப்பில் சரியாகப் பிடிக்காது, சூட்டில் இளகியும் விடும். கேபிள் வெளியேறும் இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு பிளாஸ்டிக் டை கட்டி இறுக்குங்கள். கேபிளை யாராவது இழுத்தால் அந்த முடிச்சு கூட்டின் விளிம்பில் முட்டி நிற்கும், செருகுமுனை தப்பிக்கும். மூடும் முன் கணினியில் செருகிப் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். திருகுகளைக் கடைசியில் கால் சுற்றுக்கு மேல் முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் மரை கழன்றுவிடும்.

பின்பக்கம் “கன்சோலில் செருகாதே” என்று ஒரு சீட்டு ஒட்டுவது அவசியம். பார்வைக்கு அசல் கேசட் போலவே இருப்பதால் வீட்டுக் குழந்தை கன்சோலில் நுழைத்துவிடும்.

கடிகாரம்

குவார்ட்ஸ் இயந்திரத்தின் தண்டுக்குப் பொதுவாக 8 மி.மீ துளை வேண்டும். லேபிள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மையத்தைக் குறித்து 3, 5, 8 மி.மீ என்று படிப்படியாக, மெதுவான வேகத்தில் துளையிடுங்கள். வேகம் கூடினால் ஏ.பி.எஸ் வெட்டுப்படாமல் உருகிச் சுருளும், லேபிளும் கூடவே கிழியும். என்.இ.எஸ் கேசட்டின் முகத்தில் லேபிளுக்குப் பக்கத்தில் மேடு பள்ளமான வரிகள் உண்டு. வாஷர் அவற்றின் மேல் உட்கார்ந்தால் முட்கள் சாய்ந்து ஒன்றையொன்று உரசி நிற்கும். துளை முழுவதும் சமதளத்தில் விழ வேண்டும்.

இயந்திரம் சுமார் 56 மி.மீ சதுரம், தடிமன் 15, 16 மி.மீ. கூடு மூடவில்லை என்றால் பின்பாதியில் 58 மி.மீ சதுர ஜன்னல் வெட்டிவிடுங்கள், பேட்டரி மாற்றவும் வசதி. துளையிலிருந்து மிக அருகில் உள்ள விளிம்புக்கு எவ்வளவோ அதைவிட 5 மி.மீ குறைவாக நிமிட முள் இருக்கட்டும்.

மெமரி கார்டு டப்பா

கேம் பாய் கேசட் 57 × 65 × 8 மி.மீ, ஒரே திருகு. எஸ்.டி கார்டு 24 × 32 × 2.1 மி.மீ என்பதால் இரண்டு பக்கம் பக்கமாகப் படுக்கும். உள்ளே மெல்லிய ஃபோம் ஷீட்டில் கார்டு வடிவில் பள்ளம் வெட்டி ஒட்டுங்கள். திருகுக்குப் பதில், எதிரெதிர் மூலைகளில் 3 × 1 மி.மீ காந்தங்களை எபாக்ஸியால் பதித்தால் விரலால் திறக்கலாம். ஒட்டும் முன் துருவம் சரியா என்று பாருங்கள், தவறினால் மூடி எகிறும். எஸ்.டி கார்டுக்குக் காந்தத்தால் கெடுதல் இல்லை. சூப்பர் குளூ இங்கே வேண்டாம். மூடிய இடத்தில் அதன் ஆவி படிந்து கூட்டின் மேல் வெள்ளைப் பூச்சாக நிற்கும்.

மிஞ்சிய போர்டு

தெளிந்த எபாக்ஸி ரெசினில் புதைத்துக் கோஸ்டர் ஆக்கலாம். நேரடியாக ஊற்றினால் சிப்புகளுக்கு அடியில் உள்ள காற்று குமிழியாகக் கிளம்பும். முதலில் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு கொடுத்து, அது பிசுபிசுப்பாக இறுகியதும் மீதியை ஊற்றுங்கள். போர்டை அறுக்க நேர்ந்தால் நீர் தெளித்து அறுங்கள், முகமூடி அணியுங்கள். கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈயம் இருப்பதால் ரெசின் பூசாத போர்டைக் குழந்தைகளுக்குச் சாவிக்கொத்தாகவோ காதணியாகவோ கொடுக்காதீர்கள். சாதாரண ரெசின் சூட்டில் இளகும் என்பதால், கொதிக்கும் குவளையை வைத்தால் கோஸ்டரில் வட்டத் தடம் பதியும். வெப்பம் தாங்கும் வகை என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.