அடிவயிற்றுச் சுவர் இழப்பை மூட ஏ.எல்.டி. தொடை ஃபிளாப்: அளவெடுப்பது முதல் தையல் வரை

கட்டியை அகற்றியதாலோ, தொற்றில் தசை அழுகியதாலோ அடிவயிற்றில் தோல், தசை, ஃபேசியா (தசையைப் போர்த்திய உறுதியான சவ்வு) மூன்றுமே போய்விட்டால் தொடையைத்தான் நாட வேண்டும். தோல் நன்றாக இருந்து நடுக்கோடு மட்டும் விரிந்திருந்தால் வயிற்றுத் தசை அடுக்குகளைப் பிரித்து நகர்த்தினாலே போதும். தொடையில் முதல் தேர்வு முன்-வெளிப்பக்கத் தோல், அதாவது ஏ.எல்.டி. ஃபிளாப் (ஃபிளாப் என்பது தன் ரத்தக்குழாயோடு எடுக்கப்படும் திசுத் துண்டு). 1984-இல் சீனாவின் சோங் குழுவினர் இதை விவரித்தார்கள். காம்பை, அதாவது ஃபிளாப்புக்கு ரத்தம் தரும் குழாயை, அறுக்காமல் திருப்பினால் பொதுவாகத் தொப்புள் வரை எட்டும். அதற்கு மேலே என்றால் ரத்தக்குழாயை வெட்டி இணைக்கும் ஃப்ரீ ஃபிளாப்பே நல்லது; எட்டாத காம்பை இழுத்துப் பிடித்துத் தைப்பதில் பயனில்லை.

இடுப்பெலும்பின் முன் மேல் முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல் வெளி மூலை வரை கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. ஆரத்தில் வட்டம். 8 மெகாஹெர்ட்ஸ் கை டாப்ளரை வைத்துத் தேடினால் பெர்ஃபரேட்டர் (ஆழத்திலிருந்து தோலுக்கு வரும் சிறு ரத்தக்குழாய்) பெரும்பாலும் வட்டத்தின் கீழ் வெளிக் கால்பகுதியில் கேட்கும். கவட்டையில் முன்பு ரத்தக்குழாய் அறுவை நடந்திருந்தாலோ, காலில் நாடி குறைவாக இருந்தாலோ சி.டி. ஆஞ்சியோ பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள்.

அடுத்தது அளவு. பலர் சறுக்குவது இங்கேதான். ஃபிளாப் சுழலும் அச்சு தோலில் போட்ட வட்டம் அல்ல, லேட்டரல் சர்க்கம்ஃப்ளெக்ஸ் ஃபெமோரல் தமனி கிளைக்கும் இடம். அது கவட்டை மடிப்புக்குச் சில செ.மீ. கீழே, ஆழத்தில் இருக்கிறது. ஒரு காஸ் துணி நாடாவின் நுனியை அங்கே விரலால் அழுத்திக்கொண்டு, காம்பு போகும் வழியிலேயே இழப்பின் தூர விளிம்பு வரை கொண்டு போங்கள். நுனியை விடாமல் அதே நாடாவைத் தொடைக்குத் திருப்பினால் ஃபிளாப்பின் கீழ் விளிம்பு எங்கே வர வேண்டும் என்பது தெரியும். அதற்குக் கீழே 2 செ.மீ. தளர்வு விடுங்கள். தொடையை மடக்கி அளக்காதீர்கள். நோயாளி காலை நீட்டிய நாளில் அந்த 2 செ.மீ. காணாமல் போகும். இரண்டு பெர்ஃபரேட்டர் கிடைத்தால் கீழே இருப்பதற்கே முன்னுரிமை, காம்பு அவ்வளவு நீளமாகும்.

உள்பக்கக் கீறலை மட்டும் முதலில் போடுங்கள். ஃபேசியாவுக்குக் கீழே வெளிப்பக்கமாகப் பிரித்துக்கொண்டு போய், பெர்ஃபரேட்டரைக் கண்ணால் பார்த்த பிறகே வெளிக் கீறல். பெரும்பாலான பெர்ஃபரேட்டர்கள் வாஸ்டஸ் லேட்டராலிஸ் தசையைத் துளைத்துத்தான் வரும். அதைச் சுற்றி மெல்லிய தசைப் பட்டை விட்டுப் பிரித்தால் குழாய் சுருங்குவது குறையும். காம்பாக அமையும் தமனியின் இறங்கு கிளையோடு ஒட்டிவரும் தசை நரம்பைக் காப்பாற்றுங்கள். தொடையின் முன்பக்கத் தசையான ரெக்டஸ் ஃபெமோரிஸுக்குப் போகும் கிளையை வெட்டினால் எட்டும் தூரம் கூடும். ஆனால் முதலில் மென்மையான புல்டாக் கிளாம்ப் (குழாயைத் தற்காலிகமாக மூடும் சிறு கவ்வி) போட்டு, தசையின் நிறம் மாறுகிறதா என்று சில நிமிடம் பாருங்கள்.

தோலோடு ஃபேசியா லேட்டாவையும் (தொடையின் ஃபேசியா) அகலமாக எடுங்கள். ஃபிளாப் தருவது ரத்த ஓட்டமுள்ள மூடி மட்டும். வயிற்றழுத்தத்தைத் தாங்கும் பலம் தனியாக வேண்டும். சுத்தமான களத்தில் பாலிப்ரோப்பிலீன் மெஷ் (வலை), சுற்றிலும் 4–5 செ.மீ. விளிம்புக்கு அடியில் போகும்படி, 1-0 பாலிப்ரோப்பிலீன் தையலில். குடலுக்கும் மெஷ்ஷுக்கும் நடுவே ஓமெண்டம் (குடலைப் போர்த்தும் கொழுப்புத் திரை). அது இல்லையென்றால் குடலில் ஒட்டாத பூச்சுள்ள மெஷ். மலமோ சீழோ இருந்த களத்தில் இந்த நிரந்தர மெஷ்ஷை வைக்க வேண்டாம். கரையும் மெஷ்ஷையோ உயிர்த்திசு மெஷ்ஷையோ வைத்துவிட்டு, பின்னால் ஹெர்னியா வரலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபிளாப்பைக் கொண்டுபோகும் சுரங்கம் ரெக்டஸ் ஃபெமோரிஸ், சார்டோரியஸ் தசைகளுக்கு அடியில் போய், பிறகு கவட்டைத் தோலுக்கு அடியில் வயிற்றுக்கு ஏற வேண்டும். நான்கு விரல் தாராளமாக நுழையும் அகலம் தேவை. இறுக்கமாக இருந்தால் யோசிக்காமல் தோல் பாலத்தைத் திறந்துவிடுங்கள். தழும்பை விட காம்பு முக்கியம். இழுக்கும் முன் காம்பின் மேல்பக்கம் நீளவாக்கில் ஜென்ஷியன் வயலட் கோடு ஒன்று போடுங்கள். மறுபக்கம் வந்ததும் அந்தக் கோடு நேராக இருந்தால் முறுக்கு இல்லை.

தொடையில் 8 செ.மீ. அகலம் வரை பெரும்பாலும் நேராகத் தைக்கலாம். அதற்கு மேல் போனால் இழுத்துத் தைக்காமல் மெல்லிய தோல் ஒட்டு வையுங்கள். இல்லாவிட்டால் தசையறை அழுத்தம் ஏறும். அதைவிடப் பெரிய இழப்புக்கு மறு தொடையும் உண்டு, அல்லது தொடையின் வெளிப்பக்க டென்சர் ஃபேசியா லேட்டா தசை ஃபிளாப்பைச் சேர்க்கலாம். டென்சரின் கீழ் மூன்றிலொரு பங்கில் ரத்த ஓட்டத்தை நம்ப முடியாது. ரெக்டஸ் ஃபெமோரிஸையே எடுத்தால் முழங்காலின் கடைசி நீட்டல் குறையும். வாஸ்டஸ் மீடியாலிஸையும் லேட்டராலிஸையும் சில்லுக்கு மேலே சேர்த்துத் தைப்பது அதை ஓரளவு ஈடுசெய்யும்.

அறுவைக்குப் பின் இடுப்பு 20–30 டிகிரி மடங்கியிருக்கட்டும். வயிற்றுப் பட்டையைக் கவட்டையில் காம்பின் மேல் கட்டக் கூடாது. வார்டில் பழக்கத்தில் கட்டிவிடுவார்கள், எழுதித் தொங்கவிடுங்கள். முதல் நாள் மணிக்கொரு முறை ஃபிளாப்பைப் பாருங்கள். நீலம் பாய்ந்து, அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைப்பு. வெளுத்துக் குளிர்ந்தால் தமனி. இரண்டிலும் முதல் வேலை, இடுப்பின் நிலையைச் சரிசெய்து, இறுக்கமான தையலைத் தளர்த்தி, ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் மாற்றம் தெரியாவிட்டால் உடனே தியேட்டர்.

சிறுநீர்ப்பையில் 25 மி.லி. சலைன் விட்டு, மல்லாந்த நிலையில், மூச்சு விட்டு முடிக்கும் தருணத்தில் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் பாருங்கள். 12 மி.மீ. பாதரசத்தைத் தொட்டால் கவனம். 20-ஐத் தாண்டி, சிறுநீரும் குறைந்து மூச்சும் திணறினால், ஃபிளாப் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தாலும் வயிற்றைத் திறக்க வேண்டும்.