பெங்களூரு வீட்டில் திருவருகைக்கால மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள்தான் திருவருகைக்காலம். அதற்கான மெழுகுவர்த்திகளை ஊரில் என்றால் கோயிலிலேயே ஏற்றிவிடுவார்கள். இங்கே பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்யுங்கள், அவ்வளவு நன்றாக இருக்கும். 1839-ல் ஹாம்பர்க்கில் யோஹான் விக்கர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காகத்தான் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார்.

மூன்று ஊதா, ஒரு ரோஸ், ஒரு வெள்ளை வேண்டும். சிவாஜிநகர் மரியன்னை பேராலயப் பக்கம் போகும்போது கடைகளில் கேளுங்கள். எவர்சில்வர் தாம்பாளத்தில் ஈர மணலைக் கெட்டியாக அமுக்கி, நான்கைச் சுற்றிலும் வெள்ளையை நடுவிலும் ஊன்றி, ஓரத்தில் சவுக்குத் தழையை வையுங்கள், ஆனால் சுடருக்கு எட்டாமல் தாழ்வாக. காய்ந்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதனால் வாராவாரம் மாற்றிவிடுங்கள்.

திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று ஒரு ஊதா, அடுத்த வாரம் இரண்டு, மூன்றாவது வாரம் ரோஸும் சேர்த்து, பிறகு நான்கும். வெள்ளையை 24-ம் தேதி இரவு வரை தொடவே வேண்டாம்.

ஃபேனை நிறுத்துங்கள். சின்னவள் கையில் தீக்குச்சியைக் கொடுத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெபத்தை மட்டும் ஊரிலிருக்கும் பாட்டி வீடியோ காலில் சொல்லட்டும், எங்கள் ஆச்சி "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நாங்கள் குச்சியை உரசுவோம்.