உடைமுள் காட்டில் ஓடும் ஏ.டி.வி.க்குக் கம்பெனி டயர் போதுமா?

ஏ.டி.வி. (காடு, மணல், சேறு எங்கும் ஓடும் நான்கு சக்கர வண்டி) வாங்கியதும் டயரை மாற்ற அவசரப்பட வேண்டாம். வண்டியோடு வந்த கம்பெனி டயர் எல்லா மண்ணுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். எடை குறைவு என்பதால் எஞ்சின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டுக்கும் சுமை குறைவு. திருநெல்வேலிப் பக்கம் அதற்குப் பெரிய எதிரி உடைமுள்தான்.

முதலில் காற்றைப் பாருங்கள். ஏ.டி.வி. டயருக்குப் பெரும்பாலும் 4 முதல் 7 பவுண்டுதான் வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு அதில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பஞ்சர் கடையில் பைக்குக்குப் போல 25 பவுண்டு அடித்துவிட்டால் டயர் கல்லாகி, வண்டி துள்ளும், மணலில் புதையும். கடை மீட்டரில் இவ்வளவு குறைந்த காற்று சரியாகத் தெரியாது. 15 பவுண்டு வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ‘டயர் சரியில்லை’ என்று நினைத்தது பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து, டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்து. 25×8-12 என்றால் உயரம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. கூடவே ப்ளை, அதாவது டயரின் அடுக்கு அளவும் இருக்கும். ப்ளை கூடினால் டயர் கெட்டி. முள் டயரின் தரையில் படும் பக்கம் ஏறினால் ஸ்ட்ரிப் (ஓட்டையில் செருகும் ரப்பர் பட்டை) போட்டு அடைக்கலாம். பக்கவாட்டில் ஏறினால் அடைப்பு நிற்காது, அந்த இடம் ஓடும்போதெல்லாம் வளைந்து நிமிர்வதால் ஸ்ட்ரிப் கழன்றுவிடும். பக்கவாட்டில் அடிக்கடி பஞ்சர் ஆகிறதா? அப்போது கடையில் தனியாகக் கிடைக்கும் 6 ப்ளை டயர் வாங்குவது நியாயம். எடை கூடும், குலுக்கலும் கொஞ்சம் கூடும். முள்ளுக்கு அந்த விலை கொடுக்கலாம்.

பட்டனை, அதாவது டயர் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகளை, மண் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஆழமான பட்டன் குழி தோண்டிக்கொண்டு இறங்கும். தாழ்ந்த பட்டனே நல்லது. கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலில் ஐப்பசி மழைக்கு நெருக்கமான பட்டன் இடுக்கெல்லாம் மண் அப்பி, டயர் மொழுமொழுவென்று வழுக்கும். அங்கே பட்டன் ஆழமாகவும் இடைவெளி அகலமாகவும் இருந்தால்தான் சுற்றும்போதே மண்ணை உதறும்.

உயரத்தைக் கூட்டும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். 25 அங்குலத்திலிருந்து 27-க்குப் போனால் அடிப்பாகம் தரையிலிருந்து 1 அங்குலம்தான் உயரும். ஆனால் இழுவை சுமார் 7 சதவீதம் குறையும், பெல்ட் சூடாகும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஆளை உட்காரவைத்து, டயர் எங்கும் உரசாத அளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள சுற்றளவு விகிதம் பழையபடியே இருக்க வேண்டும். மாறினால் முன் கியர் தேயும்.

மாட்டும்போது பக்கவாட்டு அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடியுங்கள். ரிம்மில் உட்கார டயரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டக் கூடாது, டயர் வெடிக்கும். உட்கார்ந்ததும் ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.