முகப்புச் செங்கல்லும் வெளிச்சுவர் நிறமும்: தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள்

புது வீடு கட்டுகிறவர்கள் எனக்குப் படம் அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. பெரும்பாலும் சாரம் பிரித்த மறுநாள்தான் அந்தப் படம் வரும். "முகப்பு ஏதோ இடிக்குது சார், என்னன்னு சொல்லத் தெரியல" என்பார்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் செட்டில் எல்லோரும் செய்தவைதான் இவை. வீடும் ஆளும் புதிது, தவறு பழையது.

மலிவான பெயிண்ட் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டை அப்படியே காப்பி அடிக்காதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் கோட்டைவிடும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒற்றைச் செங்கல்லைப் பார்த்து முடிவெடுப்பது

விற்பவர் கையில் கொடுத்துக் காட்டும் கல் எப்போதும் நல்ல கல்தான். சூளைக்குள் நிலைமை வேறு. மண்ணில் இருக்கும் இரும்புதான் வெந்து சிவப்பைக் கொடுக்கிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள மண் வெளிர் மஞ்சளாக வேகும். காற்று போதாமல் வெந்த கல் கருநீலம் தட்டும். ஒரே சூளையில் தீக்குப் பக்கத்தில் இருந்தது கறுத்தும், தள்ளி இருந்தது வெளிறியும் வரும். இது குறை இல்லை. சுட்ட செங்கல்லின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆனால் கொத்தனார் இறக்கி வைத்த கல் அடுக்குகளில் ஒன்றை முழுக்கத் தீர்த்துவிட்டு அடுத்ததைப் பிரித்தால், சுவரில் பட்டை பட்டையாக நிறம் மாறும். சாரத்தின் மேல் நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் பளிச்சென்று தெரியும்.

தேவையான மொத்தக் கல்லையும், உடைசலுக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டி, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கட்டும்போது குறைந்தது மூன்று அடுக்குகளிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் மேல் வரிசையை வாரிக்கொண்டு போகாமல் மேலிருந்து கீழாக எடுக்கச் சொல்லுங்கள்.

சாந்தின் நிறத்தைப் பற்றி யாருமே பேசாமல் இருப்பது

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மாதக்கணக்கில் செங்கல் தேடுவார்கள். மாதிரிக் கற்களை வரிசையாக வைத்துப் படம் எடுப்பார்கள், வீட்டில் ஓட்டெடுப்புகூட நடக்கும். வேலை தொடங்கும் அன்று நான் கேட்பேன்: "மேஸ்திரி, சாந்து என்ன கலரு?" "சிமெண்ட் கலருதான் சார், வேற என்ன கலரு?" வீட்டுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பார், இப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 215 மில்லிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்துக்கு 10 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஜாயின்ட், விட்டுக் கட்டினால், கண்ணுக்குத் தெரியும் சுவரில் சுமார் 17 சதவீதம் சாந்து. மெலிந்த நீளக் கல்லாக, 290க்கு 40 என்று எடுத்தால் அது கிட்டத்தட்ட 23 சதவீதம். சுவரில் கால் பங்கை நெருங்கும் ஒன்றின் நிறத்தை, அன்றைக்கு வந்து இறங்கிய மணலும் அன்றைக்குப் பிரித்த சிமெண்ட் மூட்டையும் முடிவு செய்கின்றன!

அதோடு நிற்காமல், சாந்து பக்கத்துக் கல்லின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். அதே சிவப்புக் கல்தான். வெள்ளைச் சாந்தில் ஒவ்வொரு கல்லும் துருத்திக்கொண்டு, சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். கல்லின் நிறத்தை ஒட்டிய சாந்தில் எல்லாம் ஒரே பரப்பாகிவிடும், தூரத்திலிருந்து கல்லே தெரியாது. கறுப்புச் சாந்தில் சிவப்பு ஆழமாகும், ஆனால் வீடு மொத்தமும் இருண்டுபோகும். வெளிர் பழுப்புச் சாந்து சிவப்பைக் கொஞ்சம் தணித்து, நாள்பட்ட சுவரின் சாயலைக் கொடுக்கும். இதில் எது சரி என்பது உங்கள் விருப்பம். யாருமே விரும்பித் தேர்ந்தெடுக்காத ஒன்று சுவரில் ஏறி உட்கார்வதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரு வீட்டில் நடந்தது. லேசாக ஊதா ஓடும் அடர் பழுப்புக் கல், அருமையான தேர்வு. சன்னல் மட்டம் வரை ஒரு லோடு மணலில் கட்டினார்கள். அது தீர்ந்து அடுத்து வந்த மணல் மஞ்சள் தட்டியது. நடுவில் சிமெண்டும் வேறு பிராண்டுக்கு மாறியது. ஈரமாக இருந்தவரை யாருக்கும் வித்தியாசம் படவில்லை. காய்ந்த பிறகு சன்னல் மட்டத்தில் கோடு கிழித்தாற்போல் கீழே சாம்பல், மேலே வெளிர் மஞ்சள். கல்லை மாற்றி அனுப்பிவிட்டார் என்று வீட்டுக்காரர் செங்கல் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போனார். கல்லில் ஒரு குறையும் இல்லை. நல்ல கல்லைக் கொடுத்துவிட்டுத் திட்டும் வாங்கிக்கொண்டார் அந்த மனிதர்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். ஆசிட் போட்டுக் கழுவினால் சமமாகிவிடும் என்று யாரோ யோசனை சொல்ல, ஊற்றித் தேய்த்தார்கள். ஆசிட் பட்டால் மணலைச் சுற்றிப் படிந்திருக்கும் சிமெண்ட் கரையும். சிமெண்ட் போனதும் மேலே இருந்த மஞ்சள் மணல் இன்னும் நன்றாக வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். கடைசியில் மேல் பாதி ஜாயின்ட் முழுவதையும் கிரைண்டர் வைத்து 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, அதில் புதுச் சாந்தை நிரப்பித் திரும்பப் பாயிண்டிங் செய்தார்கள். சுவரைக் கட்டிய கூலியைவிட அதைச் சுரண்டிய கூலி அதிகம். கிரைண்டர் பட்டு முனை பெயர்ந்த கற்கள் இப்போதும் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, இதைத் தவிர்ப்பது எப்படி? முகப்புக்குத் தேவையான மணல் முழுவதையும் ஒரே இடத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி மூடி வையுங்கள். மற்ற வேலைக்கு அதிலிருந்து ஒரு சட்டி கூடப் போகக் கூடாது. சிமெண்ட் கடைசி வரை ஒரே பிராண்டு. வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளை சிமெண்ட்தான் வழி. சாம்பல் சிமெண்டில் எவ்வளவு மஞ்சள் ஆக்சைடு கொட்டினாலும் அழுக்கு மஞ்சள்தான் கிடைக்கும். சாயம் சேர்ப்பதாக இருந்தால் இரும்பு ஆக்சைடு வகையைச் சேருங்கள், சிமெண்டின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சாந்தின் பலம் குறையும். கறுப்புக்குக் கரித்தூள் வகைச் சாயமும் உண்டு. போட்ட புதிதில் நன்றாகக் கறுப்பாக இருக்கும், போகப் போக மழையில் கழுவி வெளிறிவிடும். அளவுகளை மண்வெட்டிக் கணக்கில் விடாதீர்கள். மணலுக்கு ஒரு பெட்டி, தண்ணீருக்கு ஒரு வாளி, சாயத்துக்குத் தராசு. தண்ணீர் கூடினாலே நிறம் வெளிறும்.

அப்புறம் ஒரு நுணுக்கம், நல்ல மேஸ்திரிகளுக்கு அது கைவந்த விஷயம். ஜாயின்ட்டில் உள்ள சாந்தை இரும்புக் கருவியால் அழுத்தி இழுத்துவிடும் நேரமும் நிறத்தை மாற்றும். கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், சாந்து விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இழுக்க வேண்டும். நேரம் கடந்து இறுகிய பிறகு இரும்பை வைத்துத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் கறுக்கும். சாப்பிடப் போய்விட்டு வந்து தேய்த்த வரிசை எது என்று சில சுவர்களில் என்னால் விரல் நீட்டிக் காட்ட முடியும்.

இது எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை, 1 மீட்டருக்கு 1 மீட்டர் ஒரு மாதிரிச் சுவர். கட்டப்போகிற அதே ஆள், அதே கல், அதே மணல், இரண்டு மூன்று விதமான சாந்து. காயக் காய வெளிறிக்கொண்டே போகும் என்பதால் இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு காலையிலும் உச்சிவெயிலிலும் மாலையிலும், தெரு இருக்கும் தூரத்திலிருந்து பாருங்கள். தண்ணீர் தெளித்தும் பாருங்கள், மழையில் வீடு அப்படித்தான் இருக்கும். முடிவானதும் கலவை விகிதத்தை எழுதி வைத்துவிட்டு, முகப்பு வேலை முடியும் வரை அந்தச் சுவரை இடிக்காமல் வையுங்கள். ஒரு நாள் கூலி வீணாகிறதே என்று இதை வெட்டுகிறவர்கள்தான் எனக்குப் பிறகு படம் அனுப்புகிறார்கள்.

நிழலுக்காக ஜாயின்ட்டை ஆழமாகச் சுரண்டுவது

சாந்தை உள்ளே தள்ளிச் சுரண்டிவிட்டால் ஒவ்வொரு வரிசைக்குக் கீழும் நிழல் கோடு விழும், படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கல்லின் மேல் விளிம்பும் ஒரு சின்னத் திண்ணையாகி, மழைத்தண்ணீர் அதில் தங்கி உள்ளே இறங்கும். கூரை நீட்டலுக்குக் கீழே ஒதுங்கிய சுவரில் ஆசைப்பட்டால் செய்துகொள்ளுங்கள். சாரல் அடிக்கும் சுவரில் உட்குழிவாக அழுத்தி இழுத்த ஜாயின்ட்தான் சரி. அழுத்தம் கொடுக்கும்போது சாந்து கல்லோடு இறுகிவிடும், தண்ணீரும் வழிந்துவிடும்.

செங்கல் மேல் பளபள வார்னிஷ்

வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பாதுகாப்பு கட்டாயம் வேண்டுமென்றால் சிலேன், சிலாக்சேன் என்று தண்ணீரை ஒட்டவிடாத பூச்சு வகையில், சுவரை மூச்சுவிட விடுகிறதைப் பூசுங்கள்.

உப்பு பூத்ததும் ஆசிட்டைத் தேடுவது

புதுச் சுவரில் வெள்ளையாக உப்பு பூப்பது சாதாரணம். கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். அடுத்தடுத்த மழையில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். வருடங்கள் ஆகியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால் அது நிறப் பிரச்சினை இல்லை, எங்கோ தண்ணீர் இறங்குகிறது. குழாயையும் மேல்தளத்தையும் பாருங்கள்.

வெளிர் நிறக் கல்லில் சில சமயம் பச்சையாகக் கறை வரும். பாசி என்று நினைத்து ஆசிட் போட்டுவிடுகிறார்கள். அது பல நேரம் மண்ணில் உள்ள வனேடியம் உப்பு. ஆசிட் பட்டால் பச்சை போய்ப் பழுப்பாக மாறி, சுவரை விட்டு லேசில் போகாது.

ஷேடு கார்டை நம்புவது

பெயிண்ட் கடையில் காட்டும் நிற அட்டையில், தீப்பெட்டி அளவுத் துண்டில் பார்த்த நிறம் பெரிய சுவரில், அதுவும் வெயிலில், இன்னும் வெளிறியும் இன்னும் பளிச்சென்றும் தெரியும். கார்டில் "லேசான கிரீம்" என்று இருந்தது வெளிச்சுவரில் வெறும் வெள்ளையாகிவிடும். லேசான பச்சை வீட்டைத் தூக்கி அடிக்கும். மனதுக்குப் பிடித்த ஷேடைவிட ஒரு படி அடர்த்தியாகவும், சாம்பல் கலந்து மங்கியதாகவும் இருப்பதை எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். குறைந்தது ஒரு மீட்டர் சதுரத்துக்கு இரண்டு கோட் அடித்து, வெயில் படும் சுவரிலும் படாத சுவரிலும் பாருங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு நிறங்கள் வெளியே வந்தால் வேறு வேறாகிவிடுவதும் உண்டு.

பூச்சு காயும் முன் பெயிண்ட்

புதுச் சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை 12, 13 பிஎச் வரை இருக்கும். அதன் மேல் அவசரப்பட்டு அடித்த நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். பளிச் சிவப்பும் பளிச் மஞ்சளும் முதலில் அடிவாங்கும். தண்ணீர் விட்டு முடித்த பூச்சை 28 நாளாவது காயவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகுதான் நிறம். குடிபுகும் தேதியைக் குறித்துவிட்டுப் பெயிண்டரை விரட்டுகிற வீடுகளில்தான் இது அதிகம்.

வெயில் வாங்கும் சுவரில் அடர் நிறம்

பெயிண்ட் தகவல் தாளில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும். அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்வது அது. எண் குறையக் குறையச் சுவர் சூடாகும், மயிரிழை விரிசல் கூடும், நிறமும் சீக்கிரம் மங்கும். கரும்சாம்பல் மேல் தீராத ஆசை என்றால் நிழல் விழும் உள்வாங்கிய சுவருக்கு அதைக் கொடுங்கள். வெயிலில் நிற்க வேண்டிய சுவருக்குக் காவி, செம்மண், பழுப்பு போன்ற ஆக்சைடு நிறங்கள் தாக்குப்பிடிக்கும். பளிச் ஊதா, பளிச் ஆரஞ்சு வகைகள் அவ்வளவு நாள் நிற்காது.

செங்கல் டைலில் மூலையை மறப்பது

முழுச் செங்கல்லுக்குப் பதிலாக அதுபோலத் தெரியும் மெல்லிய டைலைச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால், எல் வடிவ மூலைத் துண்டுகளையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒட்டியது என்பது மூலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது நிறம்

முகப்புக்கு மூன்றே போதும், செங்கல்லையும் ஒரு நிறமாகக் கணக்கில் எடுத்து.

பெயிண்டிலிருந்து தொடங்குவது

பெயிண்டில் ஆயிரக்கணக்கான ஷேடு உண்டு, நினைத்தால் மாற்றலாம். கூரை ஓட்டிலும் சன்னல் ஃபிரேமிலும் கிடைப்பது ஒரு கைவிரல் எண்ணிக்கை. செங்கல் அதற்கும் இதற்கும் நடுவில். எனவே கூரை, சன்னல், செங்கல், சாந்து என்று இறங்கி வந்து, பெயிண்டைக் கடைசியாக எடுங்கள். சுவரை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகும் சன்னல் கிடைக்காமல் அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அலுமினியம் ஃபிரேமாக இருந்தால் அதன் ஒரு துண்டையே கேட்டு வாங்கி, மாதிரிச் சுவரின் மேல் சாய்த்து வைத்துப் பாருங்கள். மிச்சமாகும் முகப்புக் கற்களில் ஐம்பதை எடுத்து ஒதுக்குப்புறமாக மழை படாமல் அடுக்கி வையுங்கள். பின்னால் ஏசிக்கோ குழாய்க்கோ சுவரை உடைக்க நேர்ந்தால், அதே நிறத்தில் கல் வெளியே கிடைக்காது.