'பன்ட்டர்' என்றால் யார்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிரிட்டிஷ் தொடருக்குத் தமிழ் வசன வரிகள் எழுதிக்கொண்டிருந்தேன். மழை பெய்யும் திங்கட்கிழமை மாலை, பப் காலியாகக் கிடக்கிறது. பப்பின் உரிமையாளர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு, 'பன்ட்டர்ஸ்' (punters) ஒருவரைக்கூடக் காணோமே என்று அலுத்துக்கொள்கிறார். அகராதியில் முதலில் இருந்த பொருளை எடுத்து, "சூதாடிகள் ஒருத்தரையும் காணோமே" என்று எழுதிவிட்டேன். சரிபார்த்தவர் அந்த வரியைத் திருப்பி அனுப்பினார். பீர் ஊற்றிக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு மனிதரை ஒரே சொல்லில் சூதாட்ட விடுதிக்காரராக ஆக்கியிருந்தேன். அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே வந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

அகராதி பொய் சொல்லவில்லை. பழைய பிரெஞ்சுச் சீட்டாட்டங்களில், ஆட்டத்தை நடத்துகிறவருக்கு எதிராகப் பணம் வைப்பதைக் குறித்த சொல் அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. பிறகு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவரும் பன்ட்டர் ஆனார். பிரிட்டனில் 1961இல் தெருவோரப் பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டன. காசோடு வந்து நிற்கும் எவரையும் பன்ட்டர் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய பொருளும் சாகவில்லை. அதனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'புக்கி' (பந்தயப் பணம் வாங்குகிறவர்), குதிரை, கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் என்று வந்தால் பந்தயம் கட்டுகிறவர். பப், சந்தைக் கடை, இசைக் கச்சேரி என்றால் வாடிக்கையாளர் அல்லது பார்க்க வந்தவர்.

இரண்டாவது தவறு, 'வாடிக்கையாளர்' என்று எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. பொருள் சரிதான், வாடை போய்விடுகிறது. எனக்குத் தெரிந்து இதற்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் சென்னைத் தெருவில் இருக்கிறது: கிராக்கி. "காலையிலேர்ந்து ஒரு கிராக்கி இல்லப்பா" என்று ஓர் ஆட்டோக்காரர் இன்னொருவரிடம் சொல்வார். ஏறி உட்கார்ந்த பிறகு "எங்கே போகணும் கிராக்கி?" என்று கேட்க மாட்டார், "எங்கே சார்?" என்றுதான் கேட்பார். பன்ட்டரும் அப்படியே. விற்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல், வாங்க வந்தவரை நேரில் கூப்பிடும் சொல் அல்ல. லண்டனில் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேரும் மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. உடன் வேலை செய்பவர்கள் நாள் முழுக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு, கல்லா முன் நிற்பவரிடமோ வேலை விண்ணப்பத்திலோ இதைப் போட்டுவிடாதீர்கள். அங்கே 'கஸ்டமர்' என்பதே சரி.

அதே சமயம் இதை வசவு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. செய்தித்தாள்களே சாதாரணப் பொதுமக்களை 'ஆவரேஜ் பன்ட்டர்' என்று இயல்பாக எழுதுகின்றன. முன்னால் 'மக்' சேர்ந்து 'மக் பன்ட்டர்' என்று வந்தால்தான் ஏமாளி என்ற ஏளனம்.

இன்னொரு பொருளைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பாலியல் தொழிலாளியிடம் போகிறவரையும் பிரிட்டனில் பன்ட்டர் என்பார்கள். கிராக்கிக்கும் இந்த நிழல் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். குற்றச் செய்திகளிலும் நீதிமன்றச் செய்திகளிலும் இந்தச் சொல்லைப் பார்த்தால் இரண்டு வரி மேலே போய்ப் படியுங்கள்.

மாற்றுச் சொற்களையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட முடியாது. வக்கீலுக்கும் கணக்காளருக்கும் 'கிளையண்ட்', ஹோட்டலுக்கு 'கெஸ்ட்', டாக்ஸிக்காரருக்கு 'ஃபேர்', தினமும் அதே மூலையில் வந்து உட்காருபவர் பப்புக்கு 'ரெகுலர்'. பன்ட்டர் என்பது இன்னார் என்று முகம் தெரியாத கூட்டத்துக்குத்தான் பொருந்தும்.

கடல் தாண்டினால் மறுபடி மாறும். அமெரிக்கரிடம் சொன்னால், அவர்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் காலால் உயரத் தூக்கி அடிக்கும் ஆட்டக்காரர் என்றுதான் முதலில் நினைப்பார். ஆஸ்திரேலியாவில் பந்தயப் பொருள் பலமாக நிற்கிறது. ரிக்கி பாண்டிங்குக்குப் 'பன்ட்டர்' என்ற பட்டப்பெயர் வந்தது நாய்ப் பந்தயத்தில் அவருக்கிருந்த ஆர்வத்தால். நம் நாட்டுப் பங்குச் சந்தைச் செய்திகளில் குறுகிய காலத்துக்கு ஊகத்தில் பணம் போடுகிறவர் பன்ட்டர். மும்பைப் பேச்சில் தாதாவின் அடியாள். இந்திப் படம் பார்த்துப் பழகிய காதோடு லண்டன் பேச்சைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசியாக, கேம்பிரிட்ஜில் கேம் ஆறு. அங்கே 'பன்ட்' என்பது தட்டையான அடிப்பலகை கொண்ட படகு. பின்னால் நின்று நீளமான கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளுவார்கள். படகைக் குறிக்கும் இந்தச் சொல் வேறு, லத்தீனிலிருந்து வந்தது, பந்தயத்தோடு இதற்கு உறவில்லை. அதனால் 'டேக் எ பன்ட்' என்று யாராவது சொன்னால் படகைத் தேடாதீர்கள், துணிந்து பார்ப்போம் என்று சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆற்றங்கரையில் மட்டும் கழி ஊன்றுகிறவரும் பன்ட்டர்தான், காசு கொடுத்து மெத்தையில் சாய்ந்திருப்பவரும் பன்ட்டர்தான். வசன வரி எழுதுகிறவர் கழி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.